அடுப்பு மூலையில் ஏழாம் நம்பர்

வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக் குசினிக்குள் துளை போடும் மெஷினைக் கொண்டுபோய் நிறுத்திய காலை அது. காஸ் அடுப்பு ஹோலுக்குக் குடிபோயிருந்தது. அடுப்பு இருந்த மூலையில் தரை ஓடுகளைப் பெயர்த்து, ஒரு பலகைக்கட்டை அளவுக்குச் சதுரம் வெட்டியிருந்தோம். சதுரத்தின் நடுவில் குங்குமம் தொட்ட ஒரு தேசிக்காய். அதற்கு நேர் மேலே எங்கள் மெஷினின் முனை.

எல்லோரும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வீட்டுக்காரர் திலகா அன்ரி, கோயில் ஐயரிடம் கேட்டு ஏழு பத்து என்று நேரம் எடுத்து வைத்திருந்தார். மெஷின் ஓட்டும் சுனில் அய்யாவோ தன் வீட்டுச் சிங்களப் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, ஏழு இருபத்தொன்று என்று வந்திருந்தார். (சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன். அவரை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம்.) இரண்டு பேரும் இறங்கி வருவதாக இல்லை. கடைசியில் நான் தீர்ப்புச் சொன்னேன். ஏழு பத்துக்கு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவது. ஏழு இருபத்தொன்றுக்கு முனையை மண்ணில் வைப்பது. நடுவில் பதினொரு நிமிடம், முற்றத்தில் நிறுத்திக் குழாயால் மெஷினோடு இணைத்திருந்த எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டே நின்றது.

சீமெந்து கலக்கும் நசீர் நானா மட்டும் கதவு நிலையில் சாய்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். கிராண்ட்பாஸ்காரர். எதற்கும் அவசரப்பட மாட்டார்.

"ரெண்டு பேர்ட நேரமும் சரிதான் மிஸ். எனக்கு சீமெந்து லொறி வார நேரம்தான் நல்ல நேரம்" என்றார்.

ஏழு இருபத்தொன்றுக்குத் தேசிக்காய் நசுங்கியது. குசினி முழுக்க டீசலும் தேசிக்காயும் கலந்த ஒரு மணம். இன்றைக்கும் யாராவது தேசிக்காய் பிழிந்தால் எனக்கு அந்த எஞ்சின் சத்தம் கேட்கும்.

இதுதான் மெஷினோ?

அந்த வீட்டுக்கு நாங்கள் ஏன் போனோம் என்று சொல்லிவிடுகிறேன்.

பக்கத்துக் காணியில் ஒரு அடுக்குமாடி எழும்ப இருந்தது. நிலத்துக்குக் கீழே இரண்டு தளம் வாகனம் நிறுத்த. அதற்காகக் குழி தோண்டினார்கள். குழியில் ஊறிய தண்ணீரை இரவு பகலாக இறைத்து ஊற்றினார்கள். தண்ணீர் போன இடத்தில் மண் இறுகி அமுங்கும். அன்ரியின் வீட்டுப் பின்பக்கம், அதாவது குசினிப் பக்கம், மெல்ல மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது. சுவரில் விரல் போகுமளவுக்கு வெடிப்பு. குசினிக் கதவு ஒரு நாள் பூட்டாது, மறுநாள் திறக்காது.

பார்க்க வந்த அதிகாரி ஒருவர் வெடிப்பின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சீமெந்து வைத்து ஒட்டிவிட்டுப் போனார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். இது பழைய முறை, ஆனால் பொய் சொல்லாத முறை. ஐந்தாம் நாள் கண்ணாடி உடைந்தது. அத்திவாரத்தைப் பலப்படுத்துங்கள், அதற்குப் பிறகும் கண்ணாடி உடைந்தால் வீட்டைவிட்டு வெளியேறத்தான் வேண்டும், இடிப்பதைத் தவிர வழியில்லை என்று அவர் சொல்லிவிட்டார்.

திலகா அன்ரிக்கு அந்த வீடு வெறும் வீடு இல்லை. வங்கியில் கிளார்க்காக இருந்து, தன் சம்பளத்தில் தானே கட்டியது. கணவர் உயிரோடு இருந்த காலத்திலேயே அது அன்ரியின் வீடுதானாம். இதை என்னிடம் முதல் நாளே சொன்னார், நான் கேட்காமலே. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குசினியில்தான் முப்பது பேருக்கு மத்தியானச் சாப்பாடு சமைத்து, பார்சல் கட்டி, காலி வீதிக் கந்தோர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நாங்கள் வேலை செய்த நாட்களிலும் அதை நிறுத்தவில்லை. ஹோலில் சோபாவுக்கும் டீவிக்கும் நடுவில் சோறு வெந்தது.

அவரை நான் அன்ரி என்று கூப்பிட்டதில் அவருக்கு ஒரு சின்ன மனவருத்தம். "எனக்கும் உமக்கும் பதினெட்டு வயசுதானே வித்தியாசம், அக்கா எண்டாலும் கூப்பிடலாம்" என்பார். அதற்குள் வாயில் பழகிவிட்டது.

பைல், அதாவது நிலத்துக்குள் இறக்கும் அத்திவாரத் தூண், என்றால் ஜனங்களின் கண்ணில் வருவது மரம் உயரத்துக்கு நிற்கும் மெஷின். நிலம் அதிர அதிர இடிக்கும் சுத்தியல். எங்களது அது இல்லை. மைக்ரோ பைல். ஆறு அங்குல அகலத்தில் ஒரு துளை. மண்ணைக் கடந்து பாறைக்குள் போகும். நடுவில் ஒரு கனத்த இரும்புக் கம்பியை இறக்கி, சுற்றிவரச் சீமெந்துப் பாலை அடியிலிருந்து மேல்வரை நிரப்புவோம். இறுகினால் பாறையில் வேர் வைத்த ஒரு தூண். அப்படிப் பன்னிரண்டு தூண்களை வைத்து, வீட்டுச் சுவரை அவற்றின் தலையில் ஏற்றிவிட்டால் மேல்மண் என்ன ஆனாலும் வீடு அசையாது.

மெஷினை லொறியில் கொண்டுவந்து ஒழுங்கை முனையில் இறக்கிய அன்று அன்ரி கேற்றடியில் நின்று பார்த்தார். சுனில் அய்யா அதைத் தள்ளிக்கொண்டே வந்து, மேல்பாகத்தைக் கழற்றி, குசினிக் கதவால் உள்ளே நுழைத்தார்.

"பிள்ளை, இதுதான் மெஷினோ? மிச்சம் பின்னாலை வருதோ?" என்று கேட்டார் அன்ரி.

"இதுதாங்க அன்ரி. முழுசா இவ்வளவுதான்."

"உதை நம்பியே நான் வீட்டை விடுறன்?"

எனக்கு மூக்கு நுனியில் கோபம் வரும். சின்ன மெஷின் என்று யாராவது சிரித்தால் இன்னும் சீக்கிரம் வரும். அன்று அடக்கிக்கொண்டேன். பெரிய மெஷின் உங்கள் கதவால் வராது, வந்தாலும் அது இடிக்கிற இடிக்கு மிச்சச் சுவரும் விழும் என்று பொறுமையாகச் சொன்னேன். பொறுமையாகச் சொன்னதாகத்தான் நினைவு.

யோகட் கப்

இந்த இடத்தில் யோகட் கப்பைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் இரத்மலானையில் ஒரு களஞ்சியக் கட்டடத்துக்கு வேலை. துளை போடும்போது கீழேயிருந்து தண்ணீரோடு வரும் மண்ணையும் கல் பொடியையும் ஒவ்வொரு மீற்றருக்கும் எடுத்து வைக்க வேண்டும். கீழே என்ன இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அதற்கான பைகள் வந்துசேரவில்லை. சுனில் அய்யாவோ மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஒரு யோகட் சாப்பிடாமல் எழும்ப மாட்டார். வெறும் கப்புகள் மூலையில் குவிந்திருந்தன. நான் அவற்றைக் கழுவி, மார்க்கரால் நம்பர் எழுதி, மண்ணைப் போட்டு வரிசையாக வைத்தேன்.

கந்தோரில் சிரித்தார்கள். என் அப்பா கூடச் சிரித்தார். கொட்டாஞ்சேனையில் வீடு, புறக்கோட்டையில் இரும்புக் கடை, கம்பியைத் தட்டிப் பார்த்துத் தரம் சொல்லும் மனிதர் அவர். "எஞ்ஜினியருக்குப் படிச்சுட்டு தயிர்க்கடை வச்ச மாதிரி இருக்கே" என்றார். பைகள் வந்த பிறகும் நான் கப்பை விடவில்லை. பையைக் கட்டி மூலையில் போட்டால் யாரும் திறந்து பார்ப்பதில்லை. கப் கண் முன்னால் இருக்கும். நிறம் தெரியும்.

கொழும்பு மண்ணில் நிறம் முக்கியம். மேலே நிரப்பிய மண்ணும் உடைந்த ஓடும். கால்வாய்ப் பக்கமானால் அதற்குக் கீழே நாற்றமடிக்கும் கறுப்புச் சேறு. பிறகு மணல், பிறகு செம்மண், பிறகு கையால் நசுக்கக்கூடிய உக்கிய கல். எல்லாவற்றுக்கும் அடியில் சாம்பல் நிறத்தில் உண்மையான பாறை.

ஆனால் இதில் ஒரு குழி பறிப்பு இருக்கிறது. உக்கிய கல்லுக்கு நடுவே, உக்காமல் தப்பிய உருண்டைக் கற்கள் அங்கங்கே நிற்கும். சில உருண்டைகள் ஒரு ஆளின் நெஞ்சு உயரம் இருக்கும். மேலேயிருந்து துளைத்துக்கொண்டு போகிறவருக்கு அதுவும் பாறை மாதிரியே தெரியும். அதே சத்தம், அதே சாம்பல் தண்ணீர். அதனால்தான் எங்கள் தொழிலில் ஒரு விதி. கல் பட்டால் சந்தோஷப்படக்கூடாது. அதற்குள் ஒன்றரை மீற்றர் போய்ப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அது பாறை.

இந்த விதியை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்து வருடங்களுக்கு மேலாக நான்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு முன்

அன்ரியின் குசினிக்கு வருகிறேன்.

என் வரைபடத்தில் பன்னிரண்டு பைல்களுக்கும் நம்பர் போட்டிருந்தேன். அடுப்பு மூலை ஏழாம் நம்பர். வழக்கமாக முதல் துளையை வசதியான ஒரு இடத்தில் போட்டு, தேவைக்கு மேலே ஆழமாகப் போய், மண்ணைப் படித்துவிட்டுத்தான் மற்றவற்றைத் தொடுவோம். அன்ரி விடவில்லை.

"வீடு குடிபுகேக்கை பால் காய்ச்சினது இந்த மூலையிலைதான். இதிலை தொடங்காட்டில் நான் சம்மதிக்க மாட்டன்."

சரி, ஏழிலிருந்தே தொடங்கலாம் என்றேன். அதில் பிழை ஒன்றுமில்லை. பிழை பிறகு வந்தது.

அன்று புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். நல்ல நேரத்தில் தொடங்கிய துளையில் கம்பி இறக்கிச் சீமெந்து ஊற்றுவது ராகுகாலத்துக்கு முன்னால் முடிய வேண்டும் என்று அன்ரி கேட்டார். பார்க்கலாம் என்று நானும் தலையாட்டினேன். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து நாலைந்து பேர் வந்து குசினி வாசலில் நின்றார்கள். சுனில் அய்யா வீட்டிலிருந்து கிரிபத், சிங்களவர்களின் பாற்சோறு, கட்டிக்கொண்டு வந்திருந்தார். அன்ரி பொங்கல் வைத்திருந்தார். ஒரு கல்யாண வீட்டுக் களை.

ஒன்பதாவது மீற்றரில் மெஷினின் சத்தம் மாறியது. பழுப்பாக வந்துகொண்டிருந்த தண்ணீர் சாம்பலானது.

"மிஸ், கல" என்றார் சுனில் அய்யா. சிங்களத்திலும் அது கல்தான்.

வாசலில் நின்றவர்கள் கை தட்டினார்கள். அன்ரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் கொப்பியில் எழுதினேன்: ஏழாம் நம்பர், ஒன்பது மீற்றர், பாறை. கல்லில் மெஷின் மிக மெதுவாகத்தான் போகும். எண்பது சென்றிமீற்றர் போவதற்குள் மணி பதினொன்றே கால். கம்பி இறக்க வேண்டும், சீமெந்துப் பால் ஊற்ற வேண்டும். அன்ரி மணிக்கூட்டைப் பார்த்தார். வாசலில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். சுனில் அய்யாவும் என்னைப் பார்த்தார்.

"போதும்" என்றேன்.

எனக்கு ராகுகாலத்தில் நம்பிக்கை கிடையாது. அதனால் அன்ரியின் மேல் பழி போடவும் முடியாது. அவர் நேரத்தைக் கேட்டார், கல்லைக் குறைக்கச் சொல்லவில்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, சொன்ன நேரத்துக்கு முடித்துக் காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்குத்தான். பதினொன்று ஐம்பதுக்கு ஏழாம் நம்பர் நிரம்பியது. நானும் பொங்கல் சாப்பிட்டேன். ருசியாகவும் இருந்தது.

நசீர் நானா மட்டும் கிரிபத்தை மென்றுகொண்டே, "ஏழாம் நம்பர் கொஞ்சமாத்தானே குடிச்ச மிஸ்" என்றார். துளை ஆழமில்லை, சீமெந்து குறைவாகத்தான் போகும் என்று நான் விளக்கம் சொன்னேன். நிஜப் பாறையானால் அதன் வெடிப்புகளும் சீமெந்தைக் குடிக்கும் என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

அன்ரி அடுக்கிய வரிசை

அடுத்த பைல்களில் பாறை பதினாலு, பதினாலரை, பதினைந்து மீற்றரில் வந்தது. பாறையின் மேல்முகம் ஏறி இறங்கித்தான் இருக்கும், ஏழாம் நம்பரில் மேடாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் ஏதோ ஒன்று நெருடியது. நான் அதைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். கவனிக்க விரும்பவில்லை.

யோகட் கப்புகள் குசினி ஜன்னல் கட்டில் நம்பர் வரிசைப்படி நின்றன. ஒரு வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது ஜன்னல் கட்டு துடைத்துச் சுத்தமாக இருந்தது. கப்புகளைக் காணவில்லை. குப்பை வாளியை எட்டிப் பார்த்தேன்.

"எறியேல்லைப் பிள்ளை, பயப்பிடாதையும். தூசி தட்டினனான். மேசையிலை இருக்கு" என்றார் அன்ரி.

முன்னறைச் சாப்பாட்டு மேசையில் எல்லாம் அடுக்கியிருந்தார். என் நம்பர் வரிசைப்படி இல்லை. அவருக்கு நம்பர் எதற்கு? அடுப்பு மூலை, பாத்திரம் கழுவும் தொட்டி, அம்மி வைத்த இடம், பின் கதவு என்று தன் குசினி கண்ணில் தெரிகிறபடி அடுக்கியிருந்தார். நம்பர் வரிசையில் ஏழுக்கும் நாலுக்கும் இடையில் வேறு நம்பர்கள் வரும். வீட்டில் ஏழும் நாலும் பக்கத்துப் பக்கத்து இடங்கள். அடுப்பும் தொட்டியும்.

அதனால் அன்றுதான் முதல் தடவையாக ஏழின் கப்புகளையும் நாலின் கப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஏழின் வரிசை சிறியது. எட்டு வரை பழுப்பு, கடைசியில் சாம்பல். நாலின் வரிசை நீளம். எட்டு வரை பழுப்பு, ஒன்பதாவது கப் சாம்பல், பத்தாவது கப் மறுபடியும் பழுப்பு, பதினாலுக்குப் பிறகுதான் திரும்பச் சாம்பல்.

ஒன்பதாவது கப்பில் இருந்தது பாறை இல்லை. ஒரு உருண்டைக் கல்லின் ஓரம். நாலாம் நம்பர் அதன் விளிம்பை உரசிக்கொண்டு கீழே போயிருக்கிறது. ஏழாம் நம்பர் அதன் முதுகிலேயே குந்தியிருக்கிறது.

நான் கதிரையில் உட்கார்ந்தேன். வீட்டின் ஆக மோசமாக இறங்கிய மூலைக்குக் கீழேதான் ஏழு. இன்றைக்குப் பாரம் வைத்து அழுத்திப் பார்த்தால் தாங்கும். சோதனையில் கட்டாயம் பாஸ் பண்ணும். பக்கத்துக் குழி இன்னும் ஆழமாகி, தண்ணீரை இறைத்து இறைத்து உருண்டைக்குக் கீழே மண் அமுங்கினால், அப்போதுதான் அது இறங்கும். இன்னும் ஆறு மாதமாகலாம், ஒரு வருடமாகலாம். அப்போது கண்ணாடி உடையும். அன்ரி வெளியே போக வேண்டும். யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள். பக்கத்துக் காணிக்காரர்களின் தலையில்தான் பழி விழும்.

இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரத்துக்கு நான் பேசாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன்.

முதலில் சுனில் அய்யாவைக் கூப்பிட்டுக் கப்புகளைக் காட்டினேன். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நாலாம் நம்பரின் ஒன்பதாவது கப்பை எடுத்து, கல் பொடியை விரலால் கிளறினார்.

"அன்றைக்கு மிஸ் போதும் என்று சொன்னீர்கள். நான் நிறுத்தினேன்" என்றார் சிங்களத்தில். குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் இன்னும் சுட்டது.

வெள்ளிக்கிழமை, பத்தரை மணி

அன்ரி ஹோலில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அன்ரி, ஒரு விஷயம் சொல்லணும். ஏழாம் நம்பர் சரியில்லை."

"எது ஏழு?"

"அடுப்பு மூலை. முதல்ல போட்டது."

கரண்டி நின்றது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். உருண்டைக் கல்லைப் பற்றி, ஒன்றரை மீற்றர் விதியைப் பற்றி, எண்பது சென்றிமீற்றரில் நான் போதும் என்று சொன்னதைப் பற்றி. கல் ஏமாற்றிவிட்டது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. "என் பிழைதான் அன்ரி" என்றேன்.

அவர் அடுப்பை அணைத்தார். பால் காய்ச்சிய மூலை, நல்ல நேரம் பார்த்துத் தொடங்கிய துளை, அதுவே பழுது. அபசகுனம் என்று அழுவார், அல்லது எங்களை எல்லாம் வெளியே போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் நான் தயாராக இருந்தேன்.

"நீர் சொல்லாட்டில் எனக்குத் தெரிய வந்திருக்குமோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"உம்மடை முதலாளிக்கு?"

"அவருக்கும் தெரியாது."

தாளிதச் சட்டியை இறக்கி வைத்தார். பிறகு, "இனி என்ன செய்யலாம்?" என்றார்.

"பக்கத்துல ஒன்னரை அடி தள்ளி இன்னொன்னு போடணும். இந்தத் தடவை பாறை வரைக்கும். பன்னிரண்டு மணிக்கு மேல ஆரம்பிக்கலாம் அன்ரி. வெள்ளிக்கிழமை, இப்ப ராகுகாலம்."

அன்ரி மணிக்கூட்டைப் பார்த்தார். பத்து முப்பத்தைந்து. பிறகு என்னைப் பார்த்தார். வங்கியில் பிழையாக நிரப்பிய படிவத்தை நீட்டியவர்களை இப்படித்தான் பார்த்திருப்பார்.

"நல்ல நேரம் பாத்துத் தொடங்கி அரைவாசியிலை விட்டனீர். இனி நேரம் பாக்காமல் முழுக்கப் போடும். இப்பவே போடும்."

கண் கலங்கிவிட்டது எனக்கு. தாளிப்புப் புகை என்று சமாளித்தேன்.

இந்த முறை தேசிக்காய் இல்லை, பொங்கல் இல்லை, வாசலில் ஆட்கள் இல்லை. சுனில் அய்யா ராகுகாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் யோகட் கப்பைக் கழுவித் தானே நம்பர் எழுதினார்: ஏழு அ.

மத்தியானம் தாண்டி ஒன்பதாவது மீற்றரில் கல் வந்தது. நான் துளையின் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தேன். சாம்பல். அரை மீற்றர் போனது, சாம்பல். எண்பது, சாம்பல். அன்றைக்குப் போதும் என்று நான் சொன்ன இடம். ஒரு மீற்றர். இன்னும் சாம்பல்தான்.

அப்போது வேறொரு பயம் பிடித்தது. நான் நினைத்தது தவறாக இருந்தால்? உண்மையிலேயே இது பாறையாக இருந்தால்? நல்ல பைல் ஒன்றைக் கெட்டது என்று சொல்லி, ஒரு மனுஷியின் நம்பிக்கையையும் கெடுத்துவிட்டேனோ? சுனில் அய்யா என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். போகட்டும்.

ஒரு மீற்றர் முப்பதில் மெஷினின் சத்தம் சட்டென்று இளகியது. துளைக்கும் கம்பி ஒரு சாண் அளவு தானாகக் கீழே இறங்கியது. தண்ணீர் ஒரு கணம் நின்று, பிறகு குபுகுபுவென்று வந்தது. பழுப்பு. நல்ல, கலங்கிய, பிளேன்டீ நிறப் பழுப்பு.

தன் பிழை உண்மைதான் என்று தெரிந்ததும் அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் கொழும்பில் என்னைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். நசீர் நானா எட்டிப் பார்த்தார்.

"பாத்தீங்களா மிஸ், உருண்டைதான் ஈக்குது. நான் அன்டைக்கே சொல்லியெ, கொஞ்சமாத்தான் குடிச்செண்டு."

"அப்பவே தெளிவா சொல்லியிருக்கலாமே நானா."

"கிரிபத் திண்டுகொண்டு இருந்த மிஸ். வாய் நெறைய."

பாறை பதினைந்தாவது மீற்றரில் வந்தது. ஒன்றரை மீற்றர் விதி. நான் இரண்டரை போனேன். பொழுது சாய்வதற்குள் முடியாமல், மறுநாள் காலையும் ஓட்டித்தான் முடித்தோம். சுனில் அய்யா ஒரு தடவை கூட முகம் சுளிக்கவில்லை. கடைசிக் கப்பில் அவர் போட்ட கல் பொடி உப்பும் மிளகுத் தூளும் கலந்தது போல வெள்ளையும் கறுப்புமாக மின்னியது.

வரைபடத்தில் ஏழாம் நம்பருக்குச் சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டேன். பக்கத்தில் "பாறை அல்ல. தளப் பொறியியலாளரின் தவறு" என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். முதலாளிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "எழுத்தில் குடுத்துட்டீங்கதானே, சரி" என்று அவர் போனை வைத்தார். அந்தத் தாளின் பிரதி இன்றைக்கும் என் அலுமாரியில் இருக்கிறது. பட்டச் சான்றிதழ் எங்கே என்று கேட்டால் தேட வேண்டும். இது எங்கே என்று எனக்கு எப்போதும் தெரியும்.

கண்ணாடி

வேலை முடிந்ததும் வெடிப்பைப் பூசி, அதன் குறுக்கே புதுக் கண்ணாடி ஒட்டினோம். பக்கத்துக் குழி அதற்குப் பிறகுதான் அடிமட்டம் வரை போனது. மழைக்காலமும் வந்தது. ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற ஒரு காலையில், கிருலப்பனையிலிருந்த இன்னொரு வேலையை விட்டுவிட்டு ஓட்டோ பிடித்து ஓடினேன். பக்கத்துக் காணியின் மதில் விழுந்து கிடந்தது. எதிர் வீட்டுப் படிக்கட்டு வெடித்திருந்தது.

அன்ரியின் குசினிக்குள் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தேன். கண்ணாடி முழுசாக இருந்தது. மயிரிழைக் கீறல்கூட இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமையை அடக்கத்தோடு சொல்ல எனக்குத் தெரியாது. அந்த ஒழுங்கையிலேயே அசையாமல் நின்ற வீடு அது, கதவால் நுழைகிற ஒரு சின்ன மெஷினை வைத்து அதை நிறுத்தியவர்கள் நாங்கள்.

கொஞ்ச நாள் கழித்துப் பார்க்க வந்த அதிகாரி கண்ணாடியைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, வீட்டில் இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது அங்கே எட்டு மாடி எழும்பிவிட்டது. வெள்ளவத்தைப் பக்கம் போனால் மத்தியானத்துக்கு அன்ரி வீட்டில் இறங்காமல் வருவதில்லை. போன மாதமும் போயிருந்தேன். குசினித் தரைக்குப் புது ஓடு போட்டிருந்தார். யாரோ உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள், அன்ரி அவர்களுக்குக் குசினியைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இதிலை ஒண்டு நல்ல நேரம் பாத்துப் போட்டது. அது ஒண்டும் தாங்கேல்லை. இஞ்சாலை இருக்கிறது ராகுகாலத்திலை போட்டது. அதுதான் வீட்டைத் தாங்குது. இந்தப் பிள்ளைதான் போட்டவ, ரெண்டையும்."

உறவுக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். எந்தப் பைலுக்காக வணக்கம் சொல்வது என்று அவர்களுக்கு விளங்கவில்லை.

அப்போதுதான் அடுப்பைக் கவனித்தேன். தரை போட்டபோது அதை ஒன்றரை அடி தள்ளி வைக்க இடம் இருந்தது, வசதியும் அதுதான். அன்ரி அதைப் பழைய மூலையிலேயே, நேராக ஏழாம் நம்பருக்கு மேலேயே வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன்.

பால் சட்டியை அடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னார். "பாவம், அதுக்கும் ஒரு வேலை வேணும்தானே."